ஆடினால் விசுவாசம் போய்விடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஒரு கிறிஸ்தவப் பெண் ஜும்பா சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கலாமா, கூடாதா? எங்கள் வட்டாரத்தில் சில வாரமாக இதுதான் பேச்சு. நானும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள்தான். தாராளமாகச் சம்பாதிக்கலாம் என்பது என் கருத்து. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஜும்பா என்றால் என்ன? 1990களில் கொலம்பியா நாட்டின் காலி நகரில் பெட்டோ பெரெஸ் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், வகுப்புக்கான பாட்டு கேசட்டை மறந்துவிட்டு வந்தார். கையில் இருந்த லத்தீன் பாட்டுகளைப் போட்டுச் சமாளித்தார். அங்கே பிறந்ததுதான் ஜும்பா. 2001-ல் அமெரிக்காவில் கம்பெனியாகி உலகமெல்லாம் பரவியது. அதில் சாமியும் இல்லை, மந்திரமும் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் டிரம் தட்டி பிள்ளைகளுக்கு மாஸ் டிரில் நடத்தினோமே, அதற்குப் பங்காளி முறை.

வேதத்தில் ஆட்டமே கிடையாதா? செங்கடலைக் கடந்ததும் தம்புரு எடுத்துப் பெண்களுக்கு முன்னால் போனவள் மிரியாம். அவள் தீர்க்கதரிசி. உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்தபோது தாவீது ராஜாவே ஆடினார். ஜன்னலில் நின்று பார்த்து இகழ்ந்தவள் மீகாள். அந்தக் கதையில் வேதம் யார் பக்கம் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சங்கீதப் புத்தகத்தின் கடைசி இரண்டு சங்கீதங்களும் நடனத்தோடு துதிக்கச் சொல்கின்றன. "ஏரோதியாளின் மகளும் ஆடினாளே?" என்பார்கள். ஆடினாள். ஆனால் அந்தக் கதையில் நம்மை நடுங்க வைப்பது ஆட்டமா, ஒரு மனிதனின் தலையைத் தட்டில் கேட்டதா?

நம் பயத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1890களில் சென்னை மாகாணத்தில் சதிர் ஆட்டத்துக்கு எதிராக ஓர் இயக்கம் நடந்தது. மிஷனரிகளும் இந்து சீர்திருத்தக்காரர்களும் அதில் இருந்தார்கள். தேவதாசி முறையின் கொடுமை உண்மை. 1947-ல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள், நல்லது. ஆனால் கொடுமையோடு சேர்த்து ஆட்டத்துக்கே கெட்ட பெயர் வந்தது. அது நம் சபைகளில் அப்படியே தங்கிவிட்டது.

அதற்கு முந்தைய கதையைப் பாருங்கள். 1774-ல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சி என்பது மலைக்குறத்தி ஆடிப்பாடி வந்து குறி சொல்லும் நாடக வடிவம். சுவிசேஷம் சொல்ல அதை எடுத்துக்கொள்ள அவர் கூசவில்லை. பிற்காலத்திலும் கூசாதவர்கள் உண்டு. திருச்சியில் 1977-ல் கலைக்காவிரியைத் தொடங்கியவர் எஸ்.எம். ஜார்ஜ் என்ற கத்தோலிக்கக் குரு. அங்கே பரதநாட்டியமே படிக்கிறார்கள்.

இனி உடம்புக் கணக்கு. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. அடுத்த ஆண்டு லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள் இந்தியப் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம்தான். இங்கே கல்வராயன் மலையில் காட்டு வேலைக்கு மேடு பள்ளம் ஏறி இறங்கும் பெண்ணுக்கு இந்த உபதேசம் தேவையில்லை. கீழே இறங்கி டவுனில் குடியேறிய அவள் மகளுக்குத் தேவை. "வாக்கிங் போகட்டுமே" என்பார்கள். விடியாத இருட்டில் நாய், பைக், ஆட்களின் பார்வை எல்லாவற்றையும் தாண்டித் தனியாக நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லட்டும்.

கரியாலூரில் என்னிடம் படித்த ஒருத்தி இப்போது கள்ளக்குறிச்சியில் இருக்கிறாள். முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி, பெண்களுக்கு மட்டும் காலை வகுப்பு தொடங்கப் போகிறாள். கணவர் ஒருவர் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு அது. "டான்ஸ் மாஸ்டர் ஆனால் ஞாயிறு பள்ளியை விட்டுவிடு" என்று சிலர் சொல்லிவிட்டார்கள். பத்து வருடமாக அவள் நடத்தும் வகுப்பு. சம்பளம் இல்லாத அந்த வேலைக்காகத்தான் அவள் அழுகிறாள்.

2025 ஜூனில் கேரளப் பள்ளிகளில் போதை ஒழிப்புக்காக ஜும்பா கொண்டுவந்தபோது சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. அன்று அதைக் கேலி பேசிய நம் ஆட்களே இன்று அதே வழக்கை நம் வீட்டுக்குள் நடத்துகிறார்கள்.

எதிர்க்கிற எல்லோரையும் நான் பத்தாம்பசலி என்று சொல்லமாட்டேன். இரண்டு கேள்விகள் நியாயமானவை. ஒன்று, பாட்டு. சில சினிமாப் பாட்டுகளின் வரிகளைப் பிள்ளைகள் முன் சொல்ல வாய் வராது. இரண்டு, வீடியோ. விளம்பரத்துக்காக வகுப்புக்கு வரும் பெண்களைப் படம் பிடித்து ரீல்ஸ் போடுவது. இரண்டுமே நடத்துகிறவர் கையில் இருக்கிறது. பாட்டை அவளே தேர்ந்தெடுக்கலாம், அசைவையும் அவளே அமைக்கலாம். வகுப்பில் போனை எடுக்கக்கூடாது என்று முதல் நாளே சட்டம் போடலாம். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "அதுக்குத்தான் டீச்சர் லேடீஸ் மட்டும்னு வெச்சேன்" என்றாள். உடை பற்றியும் கேட்கிறார்கள். சுடிதார் போட்டுக்கொண்டே செய்யலாம். பெண்கள் மட்டும் உள்ள அறையில் அதற்குமேல் யாருக்கு என்ன கவலை?

சபைப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்விப்பட்டதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்களை ஒரு வாரம் அந்த வகுப்புக்கு அனுப்புங்கள். அவர்கள் வந்து தப்பு என்று சொன்னால் பேசுவோம். மூட்டுவலி குறைந்தது என்று சொன்னால் அதையும் சபையில் சாட்சியாகச் சொல்ல விடுங்கள். சம்பளம் வாங்காமல் பத்து வருடம் பாடம் நடத்த ஒரு ஆசிரியை கிடைப்பது எவ்வளவு அரிது என்று, சம்பளம் வாங்கிப் பாடம் நடத்திய எனக்குத் தெரியும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் தாராளமாக எழுதுங்கள். அந்தப் பெண் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.