வலமிருந்து இடமாக



ஆவடியில் குடியிருக்கும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் மடிக்கணினியுடன் என் இல்லம் வந்தார். நம் பகுதிப் பள்ளிவாசல்கள், மதரஸாக்கள் பற்றிய பழைய நிழற்படங்களைத் தொகுத்துப் பத்து நிமிடக் காணொளியாக்கியிருந்தார். ஆண்டு விழாவில் திரையிட வேண்டுமாம். “ஹஜ்ரத், பிழையிருந்தால் சொல்லுங்கள்” என்றார்.

அசையாத படங்கள் அசைந்தன. ஒன்று மெல்ல நெருங்கி வந்தது; மற்றொன்று ஒரு பக்கமாக நகர்ந்தது. இந்த உத்தி புதிதன்று. கனடா நாட்டுத் திரைப்பட வாரியம் 1957-இல் வெளியிட்ட ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ என்ற குறும்படம் பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களைக் கொண்டே ஒரு நகரின் கதையைச் சொன்னது. அமெரிக்கரான கென் பர்ன்ஸ் 1990-இல் தம் நாட்டு உள்நாட்டுப் போர் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் இதனை விரிவாகக் கையாண்டார். ஆப்பிள் நிறுவனம் 2003-இல் தன் ஐமூவி மென்பொருளில் இந்த உத்திக்கு அவர் பெயரையே சூட்டியது.

வேலை எளிதுதான். படம் எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்று இரண்டு இடங்களைக் குறித்துவிட்டால் போதும். இதனைக் ‘கீஃப்ரேம்’ என்கிறார்கள். இடைப்பட்டவற்றைக் கணினியே கணக்கிட்டுக்கொள்ளும். ஆறு வினாடிக்கு 150 சட்டங்கள். நூறு விழுக்காட்டிலிருந்து நூற்றுப் பதினைந்துக்குப் பெரிதாக்கினால், ஒரு சட்டத்துக்குப் பத்தில் ஒரு விழுக்காடே வளரும். அந்த நிதானமே கண்ணுக்கு இதம். நம் திருமண வீடியோக்களிலோ மணமகன் முகம் நம்மீது பாய்ந்து விழுகிறது!

பூந்தமல்லிப் பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டு திரையில் வந்தது. கோல்கொண்டா ஆட்சிக் காலமாகிய 1653-ஆம் ஆண்டைச் சேர்ந்தது அப்பள்ளி. படம் இடமிருந்து வலமாக நகர்ந்தது. வரியின் கடைசிச் சொல் முதலில் தெரிய, முதற்சொல் இறுதியில் வந்தது. “தம்பி, இதை யார் இப்படி ஓதுவார்?” என்றேன். மென்பொருளில் ஆயத்தமாயிருந்த அசைவை அப்படியே போட்டுவிட்டதாகச் சொன்னார். தொடக்கத்தையும் முடிவையும் இடம் மாற்றியதும் எழுத்து வலமிருந்து இடமாக ஓடியது. அரபுத்தமிழ் ஏடுகளுக்கும் இதே முறைதான்.

திருவசனம் எழுதிய பலகை ஒன்றும் வந்தது. நெருங்கிச் சென்ற காட்சி, வசனத்தின் பாதியில் நின்றுவிட்டது. எங்கே நிறுத்தி ஓதுவது என்பதற்கென்றே நம்மிடம் ஒரு கலை இருக்கிறது. தொழுகை பற்றிய ஒரு வசனத்தைப் பாதியில் நிறுத்தினால் பொருள் தலைகீழாகும் என்பதை மக்தப் பிள்ளையும் அறியும். அதை முழுமையாக அசையாமல் காட்டச் சொன்னேன்.

பின்னர் வந்ததுதான் என்னை உறுத்தியது. மதரஸாவின் பழைய குழுப்படம் ஒன்று. (நிழற்படம் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு, அதனுள் நான் இப்போது புகவில்லை.) காட்சி நடுவில் அமர்ந்திருந்த பெரிய ஹஜ்ரத்தை நோக்கிச் சென்றது. செல்லச் செல்ல ஓரங்கள் திரைக்கு வெளியே போயின. வலது ஓரத்தில் தோளில் துண்டுடன் நின்றவர் எங்கள் சமையற்கார பாய். முதலில் மறைந்தவர் அவரே. அவருடைய பேரன் விழாவுக்கு வருவான்.

மாணவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அவர் முகத்தையும் தனியே பெரிதாக்கிவிடுகிறேன்” என்றார். அதற்குப் படம் இடங்கொடுக்கவில்லை. ஆறங்குல அகலப் படத்தை 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்திருந்தார். அகலத்தில் 1800 புள்ளிகள். திரைக்கோ 1920 வேண்டும். 600 அடர்த்தியில் மீண்டும் ஸ்கேன் செய்தால் 3600 கிடைக்கும். ஏறத்தாழ இருமடங்கு வரை கலங்காமல் நெருங்கலாம். ஆனால் அப்படத்தில் ஒரு முகத்தின் அகலம் 4 மில்லிமீட்டர்தான். அப்போதும் 95 புள்ளிகளுக்கு மேல் தேறாது. திரை முழுவதும் விரித்தால் முகம் இராது, புகைதான் இருக்கும்.

எனவே வேறு வழி செய்தோம். வலது ஓரத்தில் பாயும் அவரருகே நின்ற மாணவர்களும் தெரியத் தொடங்கி, வரிசை வழியே இடப்பக்கம் நகர்ந்து, பெரிய ஹஜ்ரத்தைக் கடந்து, பின்னோக்கி விலகி, முழுப்படமும் தெரியும்போது நிற்க வேண்டும். பன்னிரண்டு வினாடி ஆகிறது. “நீளமாகத் தோன்றாதா, ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

முப்பது பேர் நிற்கிறார்களே என்றேன்.