காயிலுக்கு முன்னால் ஒரு கம்பி

பழைய மஹிந்திரா ஜீப்பை வாங்கித் தன் விருப்பப்படி கட்டுகிற இளைஞர்கள் எங்கள் வடகரைப் பக்கம் கேட்பது ஒன்றைத்தான்: “அண்ணாச்சி, பின்னால கமான் பட்டையக் கழட்டிட்டு காயில் போட்டா மெத்துனு போகும்லா?”

போகும். ஆனால் கமான் பட்டை குலுக்கலை மட்டும் தாங்கவில்லை. ஹவுசிங்கை யூ போல்ட்டால் அதோடு இறுக்கியிருப்பதால், அச்சு இடம் வலம் நகராமல் பிடித்திருப்பதும் அதுவே. காயிலுக்கு அந்தப் பிடி கிடையாது. முன்பின் பிடிக்கும் கம்பிகளை எல்லோரும் ஒழுங்காகப் போட்டுவிடுகிறார்கள். பக்கப்பிடியைக் கடைசியில் மிச்சமிருக்கிற இடத்தில் செருகுகிறார்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியதே அதுதான்.

எளிய வழி பன்ஹார்ட் கம்பி. ஒரு முனை சேஸில், மறுமுனை ஹவுசிங்கில், வண்டிக்குக் குறுக்காக. மாருதி ஜிம்னியில் இருப்பதும் இந்த ஏற்பாடுதான். இதன் குறை, அச்சு ஏறி இறங்கும்போது கம்பியின் முனை வட்டவில்லில் நகர்வது. கம்பி 900 மி.மீ. நீளத்தில் மட்டமாக இருந்தால், சக்கரம் 75 மி.மீ. இறங்கும்போது அச்சு பக்கவாட்டில் 3 மி.மீ. நகரும். 600 மி.மீ. கம்பியென்றால் 5 மி.மீ. வண்டியை 50 மி.மீ. உயர்த்திவிட்டு அதே 900 மி.மீ. கம்பியைச் சாய்வாகவே விட்டால், அதே இறக்கத்துக்கு 7 மி.மீ. புளியரை எஸ் வளைவில் இது நன்றாகவே தெரியும். சாய்ந்த கம்பி ஒரு பக்கத் திருப்பத்தில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும், மறுபக்கத் திருப்பத்தில் அமுக்கும். ஒரே வண்டி இடப்பக்கம் ஒருமாதிரியும் வலப்பக்கம் வேறுமாதிரியும் திரும்பும்.

இந்த நகர்வைப் போக்குவது வாட் இணைப்பு. நீராவி எஞ்சினுக்காக ஜேம்ஸ் வாட் 1784இல் காப்புரிமை பெற்றது. தன் மற்றக் கண்டுபிடிப்புகளைவிட இதில்தான் தனக்குப் பெருமை என்று பின்னாளில் மகனுக்கு எழுதினார். இரண்டு கம்பிகளுக்கு நடுவே சுழலும் ஒரு துண்டு. அதன் மையம் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறி இறங்கும். செங்கல்பட்டு அருகே மஹிந்திரா ரிசர்ச் வேலியில் உருவாகி 2022இல் வந்த ஸ்கார்பியோ-என் வண்டியின் பின்பக்கத்தில் இதுதான் இருக்கிறது. அழகான வேலை.

ஆனாலும் நம்மூர்ப் பட்டறையில் கட்டும் ஜீப்புக்கு நான் பன்ஹார்ட் கம்பியையே சொல்வேன். வாட் இணைப்புக்கு டிஃப்ரென்ஷியல் பின்னால் இடம் வேண்டும், புஷ்களும் கூடுதல். சாரல் காலத்துச் சேற்றில் ஒரு புஷ் தேய்ந்தாலும் அந்த நேர்கோடு போய்விடும். நீளமான ஒற்றைக் கம்பியை, ஆளும் தேங்காய் மூட்டையும் ஏற்றிய நிலையில் மட்டமாக நிற்கும்படி வைத்தால் போதும். சேஸ் பக்கப் பிராக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பின் அச்சில் 600 கிலோ சுமையிருந்து, வளைவில் அதில் பாதி பக்கவிசையாக வந்தால், 300 கிலோ அந்த ஒரு போல்ட்டில் இழுக்கும். கீழே தொங்கும் பிராக்கெட்டிலிருந்து எதிர்ப்பக்க சேஸுக்கு ஒரு குறுக்குத் தாங்கி கொடுத்தே ஆகவேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது; ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். பிராக்கெட்டை முழுதாகப் பற்றவைக்குமுன் புள்ளிப் பற்று மட்டும் போட்டு, காயிலை எடுத்துவிட்டு, ஜாக்கியால் அச்சை முழு ஏற்றத்துக்கும் முழு இறக்கத்துக்கும் கொண்டுபோய், டயருக்கும் சேஸுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து பாருங்கள்.