எடுத்ததுமே ஃபார்மட்டா?

லினக்ஸ் கணினியில் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் கொடுக்கிறோம். திரை ஒரு நொடி இருண்டு, மறுபடியும் கடவுச்சொல் கேட்கும் இடத்திலேயே வந்து நிற்கிறது. பள்ளி ஆய்வகங்களில் இதற்கு நான் கேட்ட ஒரே மருந்து, "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பிள்ளைகள் வருடம் முழுக்கச் செய்து வைத்த செய்முறைப் பயிற்சியெல்லாம் அதோடு போய்விடுமே!

பல நேரம் கோளாறு, வட்டு நிரம்பியதுதான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும், பயப்பட வேண்டாம். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய் 'டிஎஃப் -ஹெச்' என்று அடியுங்கள் (கட்டளை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்). 100% என்று காட்டினால் நோய் தெரிந்துவிட்டது. 'சூடோ ஆப்ட் க்ளீன்' போட்டால், இறக்கி வைத்த பழைய நிறுவல் கோப்புகள் நீங்கி இடம் கிடைக்கும். உபுண்டு, பாஸ் இரண்டிலும் இது வேலை செய்யும். இடம் இருந்தும் இல்லையென்று அடம்பிடித்தால் 'டிஎஃப் -ஐ' பாருங்கள். குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு தீர்ந்திருக்கும்.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. இந்த மூன்று கட்டளையையும் கூடவே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.

ஆய்வகப் பொறுப்பாசிரியர்கள் இப்போதாவது எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஃபார்மட் பண்ண யார் வந்தாலும், ஹோம் கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்த பிறகே கை வைக்க விடுங்கள்.