சாறு நோயாளிக்கு, கறி யாருக்கு?

பாட்டி வைக்கிற நாட்டுக்கோழிச் சாறுக்கு நான் எதிரி இல்லை. அந்தச் சாறை மட்டும் நோயாளிக்கு ஊத்திட்டு, கறியை வீட்ல இருக்கிறவங்க சாப்பிடுற வழக்கத்துக்குத்தான் எதிரி. கொஞ்சம் நீளமான தொடர். பொறுமையா படிங்க.

காசநோய் வார்டு, பிரசவ வார்டு, இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்திருக்கிற வயசானவங்க வார்டு. சாயந்திரம் எங்க போனாலும் ஒரு பிளாஸ்க் இருக்கும். திறந்தா மிளகு, சீரகம், பூண்டு வாசனை தூக்கும். "கறி எங்கம்மா?"ன்னு கேட்டா நான் வேலை பார்த்த ஊர்லெல்லாம் ஒரே பதில்தான். "சத்தெல்லாம் சாறுல இறங்கிடுச்சு டாக்டரம்மா, அது வெறும் சக்கை."

இறங்கலை. இறங்கவும் இறங்காது.

முட்டையை வேகவைக்கிறீங்க. வெந்ததும் அந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு முட்டையைக் குப்பையில போடுவீங்களா? கோழிக்கும் அதே கணக்குதான். சூடு பட்டதும் தசையில இருக்கிற புரதம் இறுகி நாரோட நாரா அங்கேயே நின்னுடும். தண்ணிக்கு வர்றது உப்பு, கொஞ்சம் கொழுப்பு, ருசி தர்ற பொருட்கள், எலும்பு மூட்டுல இருந்து கரையுற ஜெலட்டின். அவ்வளவுதான். ஆறினா பாயா மாதிரி கெட்டியாகுதே, அது சத்து இல்லையான்னு கேப்பீங்க. அதுதான் ஜெலட்டின். புரதம்தான், ஆனா முழுமையான புரதம் இல்லை. உடம்பால தயாரிக்க முடியாத ட்ரிப்டோஃபான்ங்கிற அமினோ அமிலம் அதுல கிடையாது.

இது இன்னைக்கு நேத்து வந்த சண்டையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல பாரிஸ்ல, எலும்பைக் கொதிக்கவச்சு எடுத்த ஜெலட்டின் சாறை ஏழை நோயாளிகளுக்கு உணவுன்னு குடுத்தாங்க. சர்ச்சை கிளம்பி, மஜான்டிங்கிற உடலியல் அறிஞர் தலைமையில ஒரு குழு விசாரிச்சு 1841ல அறிக்கை குடுத்துச்சு. ஜெலட்டினை மட்டும் தின்ன நாய்களால உயிர் வாழ முடியலை. அங்கயும் சாறு போனது யாருக்குன்னு கவனிங்க. ஏழைக்கு.

இப்ப நம்ம கணக்கு. நல்லா இருக்கிற ஆளுக்கே உடல் எடையில கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேணும்னு ஐசிஎம்ஆர் சொல்லுது. 50 கிலோ ஆளுக்கு 40 கிராமுக்கு மேல. நோயில உருகுற உடம்புக்கு, தையல் ஆறவேண்டிய உடம்புக்கு, பால் குடுக்கிற உடம்புக்கு இன்னும் கூட. எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராம்ல சுமார் 20 கிராம் இருக்கு. வீட்டுச் சாறு ஒரு டம்ளர்ல சில கிராம் தேறினாலே பெரிசு, அதுலயும் பெரும்பகுதி மேல சொன்ன ஜெலட்டின்.

காசநோயாளிக்கு இது உயிர் விஷயம். ஜார்க்கண்ட்ல நடந்து 2023ல வெளிவந்த ரேஷன்ஸ் ஆய்வுல நோயாளிகளுக்கு மாத்திரையோட சேர்த்து நாளுக்கு 1200 கலோரி, 52 கிராம் புரதம் வர்ற மாதிரி உணவுப்பொருள் குடுத்தாங்க. அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் இந்த மாதிரி. கோழிகூட இல்லை. முதல் ரெண்டு மாசத்துல எடை 5 சதவீதம் ஏறினவங்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவா இருந்துச்சு. இதுக்காகத்தான் அரசாங்கம் காசநோயாளி வங்கிக் கணக்குல பணம் போடுது. 2018ல மாசம் 500 ரூபாய், 2024 நவம்பர்ல இருந்து 1000. அந்தக் காசுல ஒரு நாட்டுக்கோழி அடிச்சு, சாறை நோயாளிக்குக் குடுத்துட்டு மத்தவங்க கறியைச் சாப்பிட்டா, திட்டம் யாருக்குப் போய்ச் சேர்ந்துச்சு?

எல்லா வீட்லயும் வேணும்னே செய்றாங்கன்னு சொல்லலை. பெரும்பாலும் நம்பிக்கைதான். ஆனா அந்த நம்பிக்கை யாருக்கு வசதியா இருக்குன்னு பாருங்க. மாப்பிள்ளை விருந்துக்கு வந்தா "சத்து சாறுல இருக்கு மாப்ள, கறியை நாங்க பாத்துக்கிறோம்"னு எந்த வீட்லயாவது சொல்லிருக்காங்களா? கால் பீஸ் அவர் தட்டுக்குத்தான் போகும். பிள்ளை பெத்த பச்ச உடம்புக்காரிக்கு மட்டும் "கறி செரிக்காது, குழந்தைக்கு மாந்தம் வரும்". வராது. தாராளமா குடுங்க.

அடுத்து, "நாட்டுக்கோழிதான் வேணும், பிராய்லர்ல ஹார்மோன் ஊசி". பிராய்லர் சீக்கிரம் வளர்றதுக்குக் காரணம் பல தலைமுறையா தேர்ந்தெடுத்த இனமும் தீவனமும். பண்ணையில அத்தனை கோழிக்கும் தினம் யார் ஹார்மோன் ஊசி போடுறது? ஆன்டிபயாட்டிக் கவலை நியாயமானது, ஆனா அது வேற சண்டை. புரதத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, விலையில இருக்கு. ஒரு நாட்டுக்கோழி வாங்குற காசுல பிராய்லர் ரெண்டு தடவை எடுக்கலாம். முட்டைன்னா இன்னும் மலிவு.

"அமெரிக்காவுலயே நிரூபிச்சுட்டாங்க"ன்னு ஒரு பார்வேர்டும் வரும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து ஸ்டீபன் ரெனார்ட் 2000ல வெளியிட்ட ஆய்வு. மனைவியோட பாட்டி செய்முறையில வச்ச கோழி சூப் சில வெள்ளணுக்களோட நகர்வைக் குறைச்சுச்சு. எங்க? ஆய்வகத்துல, உடம்புக்கு வெளிய. அதை வச்சு எலும்புச்சாறு பவுடர் விக்கிறவங்களை நம்பாதீங்க.

அப்ப சாறு வேண்டாமா? வைங்க. காய்ச்சல்ல வாய் கசந்து கிடக்கிறவனுக்குச் சூடா உப்பும் தண்ணியும் உள்ள போகும், மூக்கடைப்பு இளகும், பசி எடுக்கும். ஆபரேஷன் முடிஞ்சு நீராகாரம் மட்டும்னு நாங்க சொல்ற நாள்லயும் வடிகட்டின தெளிஞ்ச சாறு சரிதான்.

பாட்டி வைக்கிற மாதிரியே வைங்க. நல்லெண்ணெயில சின்ன வெங்காயம் வதக்கி, இஞ்சி பூண்டு தட்டிப்போட்டு, மஞ்சள், மிளகு, சீரகம் சேர்த்து, எலும்போட நின்னு வேகட்டும். வெந்ததும் கறியை நார் நாரா பிச்சு, குழைஞ்ச சோத்துல சாறோட பிசைஞ்சு குடுங்க. பல் இல்லையா, மிக்ஸில ஒரு சுத்து. ஒரே வேளையில முடியலைன்னா நாலா பிரிச்சுக் குடுங்க.

சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க மட்டும் உங்க டாக்டர்கிட்ட கேட்காம இதைச் செய்யாதீங்க. உங்களுக்குப் புரதம், உப்பு, பொட்டாசியம் மூணுக்குமே தனி அளவு இருக்கு. டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு அந்தக் கணக்கு வேற.