ஏரியும் இறையச்சமும்

பள்ளிவாசலில் ஐவேளை தொழுகின்றோம். அண்டை வீட்டார் ஆலயம் செல்கின்றனர். அடுத்த தெருவினர் ஞாயிறுதோறும் தேவாலயம் செல்கின்றனர். வழிபாட்டிடங்கள் வேறாயினும், வெளியே வந்ததும் நாம் அனைவரும் அருந்துவது ஒரே மண்ணின் நீரையே. ஆன்மிகச் சமுதாய வாழ்வைப் பற்றி எண்ணுவோர் இவ்வுண்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது நம் கருத்து.

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்கள் ஏரிகளால் பிணைக்கப்பட்டவை. சிட்லப்பாக்கம் ஏரி நிறைந்தால் மிகைநீர் செம்பாக்கம் சேரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பை அடையும். தமக்கு வேண்டியதைத் தேக்கி, மிஞ்சியதை அடுத்த ஊருக்குக் கலங்கல் வழியே விட்ட முன்னோர், பகிர்ந்துண்ணும் அறத்தை மண்ணிலேயே எழுதி வைத்தனர். பேரறிவாளனின் செல்வத்தை நீர் நிறைந்த ஊருணியோடு வள்ளுவர் ஒப்பிட்டதும் இம்மண்ணின் பட்டறிவால் அன்றோ?

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரியைக் காக்கத் தனி வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தும் நம் மரபே. எனினும், பழமை அனைத்தும் போற்றத்தக்கதன்று. அவ்வாரியத்தில் இடம்பெற நிலவுடைமையும் வேதக் கல்வியும் வேண்டப்பட்டன. பொதுக் குளத்தில் நீர் மொள்ளும் உரிமை பலருக்கு மறுக்கப்பட்டதும் வரலாறே. ஆகவே, கூடி உழைத்த பண்பைக் கொள்வோம். பிரித்து வைத்த வழக்கத்தைத் தள்ளுவோம்.

மதீனாவில் விலை கொடுத்தே நீர் பெறவேண்டியிருந்த ரூமா கிணற்றை உதுமான் (ரலி) அவர்கள் வாங்கி, அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. தமிழரின் தண்ணீர்ப்பந்தலும் இவ்வறமும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை.

2015 டிசம்பர் முதல் நாளன்று தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. அந்நாட்களில் சென்னையில் பள்ளிவாசல்கள் பல, சமயம் பாராது மக்களுக்குக் கதவு திறந்தன. இசுலாமிய இளைஞர்கள் கோயில்களின் சேற்றை அள்ளினர். பெருமைக்குரிய செய்தி இது. ஆயினும் நம்மை உறுத்தும் வினா ஒன்றுண்டு: வெள்ளம் வந்தபின் ஒன்றுபடும் நாம், வாய்க்கால் தூர்ந்தபோது எங்கே இருந்தோம்? நீர்வழியை மறித்து எழுந்த மனைகளை வாங்கியோர் எல்லாச் சமயங்களிலும் இருந்தனரே!

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2019ஆம் ஆண்டு வறட்சியில் சிட்லப்பாக்கம் மக்கள் தாமே ஏரியில் இறங்கிக் குப்பை அகற்றினர். அரசும் பின்னர் நிதி ஒதுக்கியது. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. நிர்வாகம் பெரிதாகும்போது ஊராரின் விழிப்பும் வளர்தல் வேண்டும்.

எனவே ஜமாஅத் பெரியோர்களை வேண்டுகிறோம்: அவரவர் பகுதி ஏரிக்கு, கோயில் நிர்வாகத்தாரையும் திருச்சபையினரையும் அழைத்து ஒரு பொதுக் குழு அமையுங்கள். ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன், ஒருநாள் வாய்க்கால் தூய்மைக்கென ஒதுக்குங்கள். ஒளு நீர் சாக்கடை சேராது நிலத்தடி சேர வழி செய்யுங்கள். மாணவர்களே, பழைய வாய்க்கால் ஓடிய தடத்தை முதியோரிடம் கேட்டு வரைந்து வையுங்கள்; அவர்களோடு அந்நினைவும் மறைந்துவிடலாகாது.

தோளோடு தோள் சேர்ந்து தொழக் கற்ற சமுதாயம் நாம். அத்தோள்கள் ஏரிக்கரையில் பிற சமயத்தாரின் தோள்களோடும் சேருமாயின், அதுவே ஆன்மிகச் சமுதாய வாழ்வு. வல்ல இறைவன் துணை நிற்பானாக!