ஆங்கில இலக்கியப் பட்டமும் ஏழாண்டுக் கணக்கும்

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள எங்கள் சந்தவாசலில் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பி.ஏ. இங்கிலீஷ்ல சேர்த்துடலாமா, சார்?" கேட்பவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள், மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து வருவோரும் உண்டு. ஷேக்ஸ்பியர் மீதான பற்றால் எழும் கேள்வி அன்று இது. பிள்ளை ஆங்கிலம் பேச வேண்டும், பேசினால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. பொருளியல் கற்பித்தவனிடம் இதைக் கேட்பதும் பொருத்தமே. மூன்றாண்டு உழைப்பையும் பணத்தையும் எதில் போடுவது என்பது முதலீட்டுக் கேள்விதான்.

அரசுக் கலைக் கல்லூரிகளில் பிற பாடப்பிரிவுகளுக்கு 400 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை தயாரிக்கிறார்கள், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத் தாளின் 100 மதிப்பெண்தான் அளவுகோல். வினா-விடைகளை மனப்பாடம் செய்து அந்த மதிப்பெண்ணைப் பெற்ற மாணவி, கல்லூரியில் நுழைந்ததும் சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலக் கவிதையை எதிர்கொள்கிறாள். அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75. அந்த 75-ஐ நோட்ஸ் படித்தே கடந்துவிடலாம். தானாக ஒரு பத்தி எழுதி, அதை ஒருவர் திருத்திக் காட்டிய அனுபவம் இல்லாமலேயே ஆங்கிலப் பட்டதாரி ஆகிவிடலாம் என்பது மிகையன்று.

கல்விச் சான்றிதழை வேலைச் சந்தையில் ஒரு சமிக்ஞையாகப் பார்த்தவர் மைக்கேல் ஸ்பென்ஸ். 1973-இல் அவர் முன்வைத்த இக்கருத்து 2001-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. சுருங்கச் சொன்னால், திறனில்லாதவரும் எளிதாகப் பெறக்கூடிய சான்றிதழ் எதையும் உணர்த்தாது. ஆங்கிலப் பட்டதாரியை நேர்காணலில் மறுபடியும் ஆங்கிலத்தில் சோதிக்கும் நிறுவனங்கள் இதை அறிந்தே செய்கின்றன.

இனி ஆண்டுக் கணக்கு. பட்டதாரி ஆசிரியராக பி.ஏ. மூன்றாண்டு, பி.எட். இரண்டாண்டு, பிறகு தகுதித் தேர்வு. முதுகலை ஆசிரியருக்கு எம்.ஏ. சேர்ந்து ஏழாண்டு, அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. கல்லூரி ஆசிரியருக்கு நெட் அல்லது செட் தேர்வு. புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்கள் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. மூன்றாண்டில் ஏறத்தாழ 36,000 ரூபாய். நல்ல திட்டங்கள், பல பெண்களின் படிப்பு நிற்காமல் காத்தவை. ஆனால் முதற்பட்டத்தோடு உதவி நின்றுவிடுகிறது. ஆசிரியப் பணியை எண்ணி ஆங்கிலம் எடுத்த பெண்ணுக்கு உண்மையான செலவு தொடங்குவதே அப்போதுதான். வீட்டில் திருமணப் பேச்சு எழுவதும் அப்போதுதான். ஏழாண்டுக்கு வழியுண்டா என்று சேரும்போதே எண்ணிப் பார்க்கும் குடும்பங்கள் குறைவு.

இதுவரை ஆங்கிலப் பட்டதாரிகளை ஓரளவு ஏற்றுக்கொண்ட அழைப்பு மையம், உள்ளடக்கம் எழுதுதல் போன்ற வேலைகளில், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இயந்திரமும் போட்டிக்கு நிற்கிறது. பிழையற்ற சாதாரண ஆங்கிலம் இன்று மலிவுச் சரக்கு.

ஆகவே ஆங்கிலம் படிக்க வேண்டாம் என்பதா? இல்லை. வேறு பல பட்டங்களுக்கு இல்லாத வசதி இதற்கு உண்டு: கற்றதை எழுதிக் காட்டிவிடலாம், ஆய்வகமோ கருவியோ தேவையில்லை. மதிப்பெண் இதைக் காட்டாது. நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்திலேயே தோற்றவர்தான் ஆர்.கே. நாராயண். நகுலன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே தமிழில் எழுதினார். பெருமாள்முருகனின் 'பூக்குழி', அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பில், 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. இலக்கிய மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் நீதிமன்றம், இதழியல், பதிப்பகம், அரசு அலுவலகம் என எங்கும் இரு மொழியிலும் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது. நம் கிராமத்து மாணவிக்குத் தமிழ் கைவசம் உள்ளது. நகரத்து ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அது இல்லை. தமிழைப் பகுதி-1 தாளாகக் கருதி ஒதுக்காமல், முதல் பருவத்திலிருந்தே இரு மொழியிலும் எழுதிப் பழகுவதே நான் பெற்றோரிடம் சொல்லும் திட்டம்.

கல்லூரிகளும் அந்த 25 அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை, மாணவர் வாரந்தோறும் எழுதும் ஒரு பக்கத்துக்கு வழங்கலாம். வகுப்பில் அறுபது பேர் என்றால் வாரம் அறுபது பக்கம். அவற்றைத் திருத்த ஆள் வேண்டும். அரசுக் கல்லூரிகளில் இப்பணி பெரும்பாலும் தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்மீதே விழும். அதே ஏழாண்டை, பலர் அதற்கும் மேல், செலவிட்டு வந்தவர்கள் அவர்கள். நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் இந்தச் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்ற உயர்கல்வித் துறைக்கு உரிமையில்லை.