லத்தி அள்ளினால் சவாரி

500 கிலோ எடையுள்ள குதிரை ஒன்று ஒரு நாளில் ஏறத்தாழ 20 கிலோ லத்தி போடும். பத்துக் கிலோ உலர்புல் தின்னும். வெயில் நாளில் 40 லிட்டர் தண்ணீர் குடித்தாலும் வியப்பதற்கில்லை. இருபது குதிரைகள் நிற்கும் லாயம் என்றால் தினந்தோறும் 400 கிலோ அள்ளிக் கொட்டியாக வேண்டும். ஞாயிறு, கிறிஸ்துமஸ், பனி, மழை எதுவும் குதிரையின் வயிற்றுக்குத் தெரியாது. இங்கிலாந்தின் சவாரிப் பள்ளிகள் பலவற்றில் இந்த வேலையில் கணிசமான பங்கைச் செய்பவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோர் சிறுமிகள். பணமாக எதுவும் தரமாட்டார்கள். காலையிலிருந்து உழைத்தால் மாலையில் அரை மணி நேரம் மட்டக்குதிரை மேல் ஏறலாம்.

சனிக்கிழமை விடிந்ததும் அப்பாவோ அம்மாவோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பிள்ளை உள்ளே போகும். ஈரமான வைக்கோலைக் கவைக்கோலால் பிரித்துத் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். வாளி கழுவித் தண்ணீர் நிரப்ப வேண்டும். உலர்புல்லை வலைப்பையில் திணித்துக் கட்டித் தொங்கவிட வேண்டும். குளம்பில் சிக்கிய கல்லையும் மண்ணையும் கொக்கியால் கிளறி எடுத்து, உடம்பு தேய்த்து, சேணம் பூட்டி, கட்டணம் செலுத்தி வந்திருக்கும் இன்னொரு பிள்ளையின் கையில் கடிவாளத்தைக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சவாரி பழகவில்லை என்றால் குதிரையைப் பிடித்துக்கொண்டு திடலைச் சுற்றிச் சுற்றி நடப்பதும் இவளேதான்.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. வர வேண்டாம் என்று சொன்னால் அழுவாள். பிரிட்டனின் குதிரை உலகில் பேர் வாங்கிய பலரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. ஆகவே இந்த வழக்கத்தைக் குழந்தைத் தொழில் என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. அதற்காகக் குழந்தைகளின் ஆசை, பாசம் என்று சிரித்துவிட்டு நகர்வதும் நியாயமில்லை. இது ஒரு கொடுக்கல் வாங்கல். கொடுக்கல் வாங்கல் என்றால் கணக்கு இருக்க வேண்டும். இங்கே இல்லாதது அதுதான்.

பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அரை மணி நேர வகுப்புக்கே 30 பவுண்டுக்கு மேல் கேட்கும் பள்ளிகள் இருக்கின்றன. வாரம் ஒன்று என்று வைத்தால்கூட ஆண்டுக்கு 1,500 பவுண்டைத் தாண்டிவிடும். சொந்தக் குதிரை என்றால் தீவனம், லாயம், லாடம், மருத்துவர், காப்பீடு என்று செலவுக்கு முடிவே இல்லை. பேருந்து ஓட்டுநரின் மகளுக்கும் கடை ஊழியரின் மகனுக்கும் குதிரையின் பக்கத்தில் போக இருக்கும் ஒரே வழி, கையில் கவைக்கோலை எடுப்பது.

அப்படிப் போகிறவர்கள் கற்பது கொஞ்சமில்லை. கட்டணம் செலுத்தும் மாணவி பூட்டித் தயாராக நிற்கும் குதிரையில் ஏறி, இறங்கி, வீட்டுக்குப் போய்விடுகிறாள். வேலை செய்யும் பெண்ணுக்கோ எந்தக் குதிரை காதைப் பின்னால் மடக்கினால் உதைக்கும், எது வயிற்றுவலி வந்தால் தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், எதன் கால் நேற்றைவிட இன்று சூடாக இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். 1929-ல் பிரிட்டனில் தொடங்கிய போனி கிளப் தன் தேர்வுகளில் சவாரித் திறனோடு குதிரைப் பராமரிப்பையும் சேர்த்தே சோதிக்கிறது. லாய வேலையும் பாடத்தில் ஒரு பகுதி என்பது அங்கே நீண்ட காலமாக ஒப்புக்கொள்ளப்பட்டதுதான்.

சவாரிப் பள்ளி நடத்துபவர்கள் சொல்லும் முதல் வாதமும் இதுவே: “வேலை வாங்கவில்லை, கற்றுக்கொடுக்கிறோம்.” பாதி உண்மை. லத்தி அள்ளும் வேலையை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். முதல் பத்துத் தள்ளுவண்டியில் பாடம் இருக்கிறது. நூறாவது தள்ளுவண்டியில் லத்தி மட்டும்தான் இருக்கிறது. நம்மூர் மெக்கானிக் கடையில் மூன்று வருடமாக ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும் பையன் தொழில் பழகவில்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் பழகியிருக்கிறான். லாயத்தில் இரண்டாம் ஆண்டு நிற்கும் பெண்ணுக்குக் காயத்துக்குக் கட்டுப்போடவும், தீவனத்தின் அளவைக் கணக்கிடவும், நீளக் கயிற்றில் குதிரையைச் சுற்றவிட்டுப் பழக்கவும் சொல்லிக்கொடுத்தால் அது பயிற்சி. அவள் இன்னமும் அதே தள்ளுவண்டியோடுதான் போகிறாள், மாலைச் சவாரியும் “இன்று குதிரைகள் களைத்துவிட்டன, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போகிறது என்றால், அதற்குப் பயிற்சி என்று பெயர் வைப்பது அநியாயம்.

இங்கிலாந்தின் சட்டம் இந்த விஷயத்தில் வியக்கத்தக்க அளவு தெளிவாக இருக்கிறது. 1933-ஆம் ஆண்டின் சிறார், இளையோர் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் உள்ளது. லாபத்துக்காக நடக்கும் ஒரு தொழிலில் ஒரு பிள்ளை ஒத்தாசை செய்தால், கூலி எதுவும் பெறாவிட்டாலும் அது வேலையில் அமர்த்தப்பட்டதாகவே கருதப்படும் என்று அதன் 30-ஆம் பிரிவு சொல்கிறது. “சும்மா உதவிக்கு வருகிறாள்” என்ற சாக்கை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எவரோ ஒரு கூர்மையான ஆள் யோசித்து அடைத்துவிட்டார்.

அங்கிருந்து மற்றவையெல்லாம் வரிசையாக வருகின்றன. பொதுவாக 13 வயது நிறைந்திருக்க வேண்டும். உள்ளூர் மன்றங்கள் 13 வயதினருக்கு அனுமதிக்கும் இலகு வேலைகளின் பட்டியலில், செய்தித்தாள் போடுவதோடு சவாரி லாய வேலையும் வழக்கமாக இடம்பெறுகிறது. மன்றத்திடம் வேலை அனுமதி பெற வேண்டும். காலை 7 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூடாது. பள்ளி நடக்கும் வாரத்தில் மொத்தம் 12 மணி நேரம். 13, 14 வயதினர் சனிக்கிழமையில் 5 மணி நேரம் வேலை செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை யாராக இருந்தாலும் 2 மணி நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை 2 மணி நேரம்! சவாரிப் பள்ளிகளில் கூட்டம் அலைமோதும் நாட்களில் அதுவும் ஒன்று. காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் போகும் 14 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றால், அந்த லாயம் வாரந்தோறும் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறது. பெற்றோருக்கு இது தெரியாது. பள்ளி நடத்துபவர்களிலும் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சத்தம் போட்டுச் சொல்வதும் இல்லை.

16 வயது தாண்டிக் கட்டாயப் பள்ளிப் பருவம் முடிந்தவர்களின் நிலை இன்னும் வில்லங்கம். லாயத்திலேயே தங்கி, உழைத்து, பதிலுக்குப் பயிற்சி பெற்று, பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் தேர்வுகளை எழுதுவது அங்கே பழைய வழக்கம். 1999 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் கணக்கில் தங்குமிடத்தைத் தவிர, பொருளாகவோ சேவையாகவோ கொடுக்கும் எதுவும் ஊதியமாகச் சேராது. சவாரி வகுப்பும் சேராது. 2025 ஏப்ரலில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட தொகை மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது. அந்தக் கணக்கிலேயே, ஒரு தனியார் லாயத்தில் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்யும் 17 வயதுக்காரருக்கு நான்கு மணி நேரத்துக்கே 30 பவுண்டு சேர்ந்துவிடுகிறது. அதாவது ஒரு வகுப்பின் விலை. எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு ஒரு வகுப்போடு திருப்திப்படுகிறவர் சரிபாதியைத் தானம் செய்கிறார்.

இதே பண்டமாற்றை வேறு மாதிரி நடத்த முடியுமா என்று கேட்டால், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஃபேர்மவுண்ட் பூங்காவுக்குள் ஒரு லாயம். 1994-ல் லெஸ்லி ஹைனர் என்ற பெண்மணி அங்கே ‘வொர்க் டு ரைடு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்து லாய வேலை செய்ய வேண்டும், பதிலுக்குச் சவாரி கற்கலாம். இதுவரை இங்கிலாந்துக் கதையேதான். வேறுபாடு அடுத்த நிபந்தனையில்: பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் சரிந்தால் குதிரை கிடையாது. லாபம் பார்க்காத அமைப்பு என்பதால், பிள்ளை ஒரு நாள் வராமல் வீட்டுப்பாடம் எழுதினால் யாருடைய வருமானமும் குறைவதில்லை.

மேற்குப் பிலடெல்பியாவில் ‘தி பாட்டம்’ என்று அழைக்கப்படும், வறுமையும் துப்பாக்கிச் சூடும் மலிந்த வட்டாரத்தில் வளர்ந்தவர் கரீம் ராசர். அவருடைய அண்ணன்கள் பூங்காவில் சைக்கிள் ஓட்டிப் போனபோது தற்செயலாக இந்த லாயத்தைக் கண்டுபிடித்தார்கள். கரீமும் பின்னாலேயே வந்தார். மணிப்பூரில் வேர்விட்டு, ஆங்கிலேயர் கற்றுக்கொண்டு போய் உலகப் பணக்காரர்களின் விளையாட்டாக மாற்றிய போலோவை இந்தப் பிள்ளைகள் அங்கே ஆடினார்கள். 2011-ல் கரீம், தம்பி டேமார், நண்பர் பிராண்டன் ரீஸ் மூவரும் பள்ளிகளுக்கிடையேயான அமெரிக்கத் தேசியப் பட்டத்தை வென்றார்கள். முழுக்கக் கறுப்பினத்தவர் மட்டுமே கொண்ட ஓர் அணி அதை வென்றது அதுதான் முதல் தடவை. கரீம் பிறகு கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2015-ல் கல்லூரிகளுக்கிடையேயான பட்டத்தையும் வாங்கினார். கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில் 1988-ல் மயீஷா அக்பர் தொடங்கிய அமைப்பிலும் படிப்புக்கும் குதிரைக்கும் இடையே இப்படி ஒரு முடிச்சு உண்டு.

லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் 1996-ல் தொடங்கிய எபனி ஹார்ஸ் கிளப்பும் அறக்கட்டளைதான். அடுக்குமாடிகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே 2011-ல் அதற்குச் சொந்த லாயம் அமைந்தது. பெக்கமில் வாழ்ந்த கதீஜா மெல்லாவின் தாயார், பள்ளிவாசலில் கிடைத்த துண்டறிக்கையைப் பார்த்து மகளை அங்கே சேர்த்தார். 2019 ஆகஸ்டில், 18 வயதில், குட்வுட் மைதானத்தில் ஹேவர்லேண்ட் என்ற குதிரையில் மக்னோலியா கோப்பைப் பந்தயத்தை வென்றார் கதீஜா. பிரிட்டிஷ் பந்தயத்தில் ஹிஜாப் அணிந்து ஓட்டிய முதல் பெண் அவர். பந்தயக் குதிரையில் அவர் முதன்முதலாக ஏறியது சில மாதங்களுக்கு முன்புதான்.

கோப்பை வாங்கியதால்தான் இந்த இடங்கள் நல்லவை என்றில்லை. கோப்பை வாங்காத பிள்ளைகள்தான் எங்கும் அதிகம். இந்த அமைப்புகளில் வேலை பிள்ளைக்காக இருக்கிறது. லாபத்துக்கு நடக்கும் லாயங்களில் பிள்ளை வேலைக்காக இருக்கிறாள். நாளைக்கே பிள்ளைகள் யாரும் வராவிட்டால் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இருக்கிறதா என்று எந்த லாயத்திலும் கேட்டுப் பார்க்கலாம். இல்லை என்று பதில் வந்தால், அங்கே நடப்பது பயிற்சியல்ல.

சவாரிப் பள்ளிகளின் தரப்பையும் கேட்கத்தான் வேண்டும். 2018-க்குப் பிந்தைய ஐந்தாண்டில் சுமார் 250 பள்ளிகள் மூடப்பட்டதாக பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் கணக்குச் சொன்னது. காப்பீடு, தீவனம், நில வாடகை எல்லாம் ஏறிக்கொண்டே போகின்றன. அனுமதி, படிவம், நேரக் கணக்கு என்று நெருக்கினால் பலர் “பிள்ளைகளே வேண்டாம்” என்று கதவைச் சாத்திவிடுவார்கள், அதில் முதலில் வெளியே நிற்பது பேருந்து ஓட்டுநரின் மகள்தான் என்கிறார்கள். பயம் நியாயமானது.

ஆனால் கணக்கில்லாத உறவில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தொடங்கும் தறுவாயில், மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டிஷ் குதிரையேற்ற வீராங்கனை ஷார்லட் டுஜார்டின் பயிற்சி ஒன்றின்போது ஒரு குதிரையின் கால்களில் சாட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கும் காணொளி வெளிவந்தது. அவர் போட்டியிலிருந்து விலகினார். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. அந்தச் சம்பவம் நடந்ததோ சில ஆண்டுகளுக்கு முன்பு. உலகப் புகழ்பெற்ற ஒருவர் மீதான புகார் வெளியே வரவே இவ்வளவு காலம் ஆகிறது. அப்படியிருக்க, சவாரி என்னும் தயவுக்காக வாராவாரம் காத்து நிற்கும் 13 வயதுப் பிள்ளை, உதைக்கும் குதிரையிடம் தன்னை அனுப்பாதீர்கள் என்றோ, அந்தக் குதிரையை இப்படி அடிக்காதீர்கள் என்றோ யாரிடம் போய்ச் சொல்வாள்? மறுவாரம் ஏற விடமாட்டார்களே.

எனவே தேவைப்படுவது தடையல்ல, ஒரு தாள். எத்தனை மணி நேர வேலைக்கு எவ்வளவு நேரச் சவாரி, குதிரை களைத்துவிட்டால் விட்டுப்போன வகுப்பு எந்த நாளுக்கு மாறும், மூன்று மாதத்தில் லத்தி தவிர வேறு என்ன சொல்லிக்கொடுப்பார்கள், மிதிபட்டால் காப்பீடு யாருடையது என்று அதில் எழுதிப் பெற்றோரும் பள்ளியும் கையெழுத்திட வேண்டும். 2018 முதல் இங்கிலாந்தில் சவாரிப் பள்ளிகளுக்குப் புதிய விதிகளின்படி உரிமம் வழங்குவது உள்ளூர் மன்றமே. பல இடங்களில் பிள்ளைகளின் வேலை அனுமதியையும் அதே மன்றம்தான் தருகிறது. குதிரைகளைப் பார்க்க வரும் ஆய்வாளர் சேணத்தையும் குளம்பையும் சோதித்து முடித்த பிறகு, அந்தத் தாளையும் காட்டச் சொல்லலாம். தனியாக ஒரு துறை வேண்டியதில்லை.

செலவு கூடும் என்பது உண்மை. ஞாயிறன்று 2 மணி நேரத்தில் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விட்டால், மீதி நேரத்துக்குச் சம்பளத்தோடு பெரியவர் ஒருவரை நிறுத்த வேண்டும். அந்தப் பணம் வகுப்புக் கட்டணத்தில்தான் போய் ஏறும். ஏறட்டும். 30 பவுண்டு கொடுத்து வரும் குடும்பத்துக்கு அந்த விலையில் வகுப்பு கிடைப்பதற்கு ஒரு காரணம், தங்கள் பிள்ளை வருவதற்குள் இன்னொருவர் வீட்டுப் பிள்ளை அந்தக் குதிரைக்குக் காசு வாங்காமல் சேணம் பூட்டி வைத்திருப்பதுதான். கட்டணம் உயரும்போது சவாரிப் பள்ளிகள் வாடிக்கையாளர்களிடம் இந்தக் காரணத்தையும் சேர்த்தே சொல்லலாம்.